ஒரு மைதானத்துக்கு ஒரு தடவைதான்

"நானும் வரேன்" என்றாள் லினெட்.

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கணவர் ஹோவர்ட் நிமிர்ந்து பார்த்தார். அவர் தயங்குவார், ஏதாவது சாக்குச் சொல்வார், அந்தச் சாக்கிலேயே ஆளை மடக்கிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள்.

"நிஜமாவா? வா, வா! கனமான கோட்டா எடுத்துக்கோ. அங்க காத்து ஆளையே தூக்கிட்டுப் போயிடும்."

"அங்கன்னா எங்க?"

"ரேவன்ஷா. மலைக்கு அந்தப் பக்கம். நான் இதுவரைக்கும் போனதில்ல."

"போகாத ஊர்ல காத்து அடிக்கும்னு எப்படித் தெரியும்?"

"மலை மேல இருக்கிற ஊர்ல பின்ன என்ன, அனலா அடிக்கும்?"

சிரித்தார். பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் லினெட்டுக்குப் பிடிக்கவில்லை.

ஹோவர்ட் விக்கர்ஸ் எந்த அணிக்கும் ரசிகர் இல்லை. டி.வி.யில் வரும் பெரிய கிளப்புகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவருக்குப் பிடித்தது கீழ்மட்ட லீகுகள். குழாய் ரிப்பேர்க்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் சனிக்கிழமை மட்டும் பந்து உதைக்கிற சின்னஞ்சிறு மைதானங்கள். வாரம் ஒரு புது மைதானம். போய், ஆட்டம் பார்த்து, இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்றைத் தின்றுவிட்டு வந்தால் அந்த மைதானம் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். அவரைப் போல யார்க்‌ஷயர் முழுக்க ஆட்கள் உண்டு; எல்லாருக்கும் சட்டம் ஒன்றுதான். பார்த்த மைதானத்துக்கே மறுபடி போவது ஒரு சனிக்கிழமையைச் சாக்கடையில் போடுவது. அவருடைய கூட்டாளி ஒருவர், சொந்த மருமகன் ஆடிய இறுதிப் போட்டிக்கே 'அந்த மைதானம் எனக்கு முடிஞ்சுபோச்சு' என்று வர மறுத்தவர்.

இத்தனை வருஷமும் லினெட் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. குடிக்காத, சூதாடாத மனுஷனுக்கு ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம்தான் இடித்தது.

ஹோம்பெக் என்ற ஊருக்குப் போனதாகச் சொல்லியிருந்தார். மூன்றுக்கு இரண்டு ஆட்டம். கோல்கீப்பர் சேற்றில் வழுக்கி விழுந்ததை வரவேற்பறைக் கம்பளத்தில் நடித்தே காட்டினார். மறுநாளைக்கு மறுநாள் தலைமுடி வெட்டப் போன இடத்தில் முடிவெட்டுகிறவள் சொன்னாள்: "எங்கண்ணன் பையன் ஹோம்பெக்குக்குத்தான் ஆடுறான். இந்த வாரம் மைதானம் பூரா தண்ணி. ஆட்டமே ரத்து."

கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே லினெட் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொய் சொல்லியிருக்கிறார். அதுவும் கோல்கீப்பர் வழுக்கி விழுந்தது வரைக்கும் சோடித்த பொய். அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் பட்டது. சனிக்கிழமை காலையில் மட்டும் இழைத்து இழைத்துச் சவரம் செய்வது. விசிலடித்துக்கொண்டே வண்டியைத் துடைப்பது. எங்கே போனாய் என்றால் ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்வது.

ஒருத்தி இருக்கிறாள். வேறென்ன?

முடிவு செய்துவிட்டாள். இன்று கண்ணால் பார்ப்பது. பார்த்தது உண்மையானால் அங்கிருந்தே பஸ் பிடித்து விட்பியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது. வீட்டுக்குத் திரும்புவதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து கட்டிய வாழ்க்கை, பந்தாட்டம் முடிகிறபோது மிஞ்சுமா மிஞ்சாதா என்று தெரிந்துவிடும்.

* * *

மலைப்பாதையில் பலகை இல்லாத ஒரு பிரிவு வந்தது. ஹோவர்ட் வேகத்தைக்கூடக் குறைக்காமல் இடப்பக்கம் திரும்பினார். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு கம்பளக் கடைக்குப் பின்னால் புகுந்து, தேவாலயச் சுவரை ஒட்டி நிறுத்தினார்.

"இங்க விட்டாத்தான் ஆட்டம் முடிஞ்சதும் சட்டுனு வெளிய எடுக்கலாம்."

"யார் சொன்னா?"

கதவைத் திறக்கப்போன கை நின்றது. "யாரும் சொல்லல. பாத்தா அப்படித் தோணுச்சு."

'தோணுமே' என்று லினெட் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மைதானத்துச் சுழல் கதவருகே ஆரஞ்சுக் கோட்டுப் போட்ட ஒரு நெட்டை ஆள் நின்றிருந்தார். கிளப்பில் கதவு திறப்பதிலிருந்து கோடு போடுவது வரை எல்லாம் அவர்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது. கோட்டில் நோரிஸ் என்று தைத்திருந்தது.

"வாங்க, வாங்க ஹோவர்ட்! உங்களுக்காகவே மழையை நிறுத்தி வச்சிருக்கோம்!"

ஹோவர்ட்டின் முகம் ஒரு நொடி வெறுமையாகிப் பிறகு புன்னகைத்தது. "நல்லா இருக்கீங்களா? நான் முதல் தடவை வரேன். பழைய மைதானமோ?"

"முதல் தடவை..." நோரிஸ் ஒவ்வொரு எழுத்தாக உருட்டினார். "ஆமாமா. முதல் தடவைதான். பழைய மைதானம்தாங்க." அவர் பார்வை லினெட் மீது விழுந்து, அவள் கைப்பைக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்தது. "இன்னைக்கு ரெண்டு பேரா வந்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் டிக்கெட் வேணாம். கமிட்டி சொல்லியிருக்கு."

உள்ளே நாலடி வைத்ததும் லினெட் கேட்டாள். "உன் பேரு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பக்கத்து ஜனங்களே இப்படித்தான். பழகாதவங்ககிட்டயும் சிநேகிதமா இருப்பாங்க."

"பேரோடயா?"

ஹோவர்ட் காதில் விழாதவர் போல டீக்கடையை நோக்கி வேகமாக நடந்தார்.

அது கடை இல்லை, பச்சைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி. ஜன்னலுக்குள்ளே வளையக் காதணியும் சிவந்த உதட்டுச் சாயமுமாக ஒருத்தி. ஐம்பது வயது இருக்கும். சிரிப்பு மட்டும் முப்பதில் நின்றுவிட்டிருந்தது.

"வந்துட்டீங்களா கண்ணு! இந்தாங்க, பை. மசிச்ச பட்டாணி. புதினா சாஸ் தனியா. சக்கரை இல்லாத டீ."

ஹோவர்ட் வாயே திறக்கவில்லை. தட்டு தயாராக வந்துவிட்டது.

"அட! நான் எப்பவும் இதைத்தான் சாப்பிடுவேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க மூஞ்சிலயே எழுதியிருக்கே!" என்று கண்ணடித்தாள் அவள். பக்கத்தில் நின்றவர் "பாலெட், எனக்கு மட்டும் ஏன் கண்ணடிக்க மாட்டேங்குற?" என்றார்.

"நீ பழைய பாக்கிய அடைச்சிட்டு வா, ரெண்டு கண்ணாலயும் அடிக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பாலெட் சிரித்துக்கொண்டே லினெட்டைத் தலை முதல் கால் வரை அளந்தாள். கதவுப் பக்கம் நின்ற நோரிஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நோரிஸ் தோளைக் குலுக்கினார். ஏதோ ரகசியம் அவர்களுக்குள் ஓடி முடிந்தது.

லினெட்டின் டீ ஆறிப்போனது. குடிக்கத் தோன்றவில்லை.

அடுத்தது நாய். ஒல்லியான சாம்பல் நிற வேட்டை நாய் ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்து ஹோவர்ட்டின் பூட்ஸ் மேல் தலையை வைத்தது. ஹோவர்ட் அதைப் பார்க்காமலே பையின் ஓரத்தை உடைத்துக் கீழே நீட்டினார். ஓய்வு பெறும்வரை தபால்காரர். நாயைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவர்.

"நாய் உனக்கு ஆகாதே?"

"இது பரவால்ல போலிருக்கு" என்றார் ஹோவர்ட்.

* * *

ஆட்டம் தொடங்கியது. ரேவன்ஷாவுக்கு மஞ்சள் சட்டை. மைதானம் ஒரு பக்கம் சரிந்திருந்ததால் பந்து நின்ற இடத்தில் நிற்காமல் தானாகவே ஊர்ந்தது. கம்பியில் சாய்ந்திருந்தவர்கள் கோட்டு நடுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்ப்பா, கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டியா?"

"அவன் பொண்டாட்டி போட்டுக்கிட்டிருக்கா! அவளுக்காவது இவன் நல்லாத் தெரியட்டும்!"

லினெட் பந்தைப் பார்க்கவில்லை. நோரிஸ் பக்கத்தில் வந்து நின்றதையும், ஹோவர்ட் அவரிடம் பேச்சுக் கொடுத்ததையும்தான் பார்த்தாள்.

"இந்தக் கேலரி எப்ப கட்டினது?"

"ஆலை மூடின வருஷம்ங்க. அந்த ஆலை மரத்துலயே கட்டினது. உறுதியானது." நோரிஸ் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"விளக்குக் கம்ப..."

"புதுசுங்க. நாலும் எரியும். போன மாசம்தான் செக் பண்ணினது."

"டாய்..."

"ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம், பொம்பளைங்களுக்கு இந்தப் பக்கம். தண்ணி வருது."

ஹோவர்ட் ஒவ்வொரு பதிலுக்கும் ஆச்சரியமாகத் தலையாட்டினார். கேள்வி முடியுமுன் பதில் வருகிறது. ஒத்திகை பார்த்த நாடகம். யாருக்காக இந்த நாடகம்? இங்கே புதிதாக வந்திருப்பது அவள் ஒருத்திதான்.

ஆக, ஊரே கூட்டு. இவரும் பாலெட்டும் அடிக்கிற கூத்துக்கு ஊரே திரை பிடிக்கிறது.

இடைவேளை விசில் ஊதியது. உள்ளூர்க்காரர்கள் மொத்தமும் டீக் கோப்பையோடு கிளம்பி எதிர் கோலுக்குப் பின்னால் நடந்தார்கள். அடுத்த பாதியில் தங்கள் அணி எந்த கோலைத் தாக்குமோ அதற்குப் பின்னால் போய் நிற்பது இந்தச் சின்ன மைதானங்களின் வழக்கம். ஹோவர்ட்டும் கூட்டத்தோடு நகர்ந்தார்.

"நீ வரல?"

"டீ குடிச்சிட்டு வரேன்."

மரப்பெட்டி ஜன்னலில் கூட்டம் கரைகிறவரை லினெட் பொறுத்தாள். பிறகு போய் இரண்டு கையையும் பலகையில் ஊன்றினாள்.

"எவ்வளவு காலமா நடக்குது?"

பாலெட் விழித்தாள். "எது கண்ணு?"

"நடிக்காதீங்க. நான் அவரோட மனைவி."

பாலெட்டின் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பயம் இல்லை. வாய் பிளந்தது.

"மனைவியா? அப்ப நீங்க லீக் ஆபீஸ்லேர்ந்து வரலியா?"

"எந்த லீக்?"

"நோரிஸ்!" பாலெட் கத்தினாள். "நோரிஸ், இங்க வா! இவங்க இன்ஸ்பெக்டர் இல்லையாம்! பொண்டாட்டியாம்!"

நோரிஸ் ஓடி வந்தார். "யாருக்குப் பொண்டாட்டி?"

"ஹோவர்ட்டுக்கு!"

"இன்ஸ்பெக்டர் எங்கயாவது சம்சாரத்தோட..." என்று குழம்பி, நிறுத்தி, லினெட்டைப் பார்த்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாரு?"

"தபால்காரரா இருந்தார். இப்ப ஒண்ணும் பாக்கல. முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அவர் இங்க அடிக்கடி வரார், இல்லையா?"

"அடிக்கடியா? இலை உதிர ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு ஆட்டம் விடல" என்றார் நோரிஸ். "ஒவ்வொரு தடவையும் 'முதல் தடவை வரேன்'னுவார். ஒவ்வொரு தடவையும் கேலரி, விளக்கு, டாய்லெட். அதே கேள்வி, அதே வரிசை. இந்த வருஷம் ஜெயிச்சா நாங்க ஒரு படி மேல போறோம். அதுக்கு லீக்லேர்ந்து ஆள் வந்து மைதானத்தப் பாத்து ஓகே பண்ணணும். சில சமயம் சொல்லாமக் கொள்ளாம, சும்மா ஆட்டம் பாக்கிறவன் மாதிரி வேஷம் போட்டு வருவாங்கன்னு பேச்சு. கேட்டதையே கேக்குறாரே, நம்ம பதில் மாறுதான்னு சோதிக்கிறாரு போலன்னு நினைச்சோம். நாங்களும் ஒரு வார்த்தை மாத்தாம சொல்லிட்டிருக்கோம்."

"இந்த ஆளு அந்த டாய்லெட்டுக்கு மூணு தடவை பெயின்ட் அடிச்சிட்டாரு" என்றாள் பாலெட். "என்னைப் பல்லக் காட்டச் சொன்னதும் கமிட்டிதான். இல்லேன்னா ஓசியில பை குடுப்பனா நான்?"

லினெட்டுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடக்க முடியாமல் வந்தது. பாலெட்டும் சேர்ந்து சிரித்தாள். நோரிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"போன வாரம்கூட வந்தாரும்மா. எங்களுக்கு வெளியூர் ஆட்டம். கேட்டு பூட்டியிருந்துச்சு. நான் ஏதோ சாமான் எடுக்க வந்தேன். மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. 'முதல் தடவை வரேன், ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?'னாரு. இன்னைக்கு ஆட்டம் இல்லைங்கன்னேன். கேட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. அதையும் சோதனைன்னுதான்..."

லினெட் சிரிப்பதை நிறுத்தினாள்.

போன வாரம். ஹோம்பெக். சேற்றில் வழுக்கிய கோல்கீப்பர்.

இப்போது ஞாபகம் வந்தது. அந்தக் கதையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பழைய வீட்டில், வேறொரு கம்பளத்தின் மேல், இதே போல விழுந்து காட்டியிருக்கிறார். அப்போது ஹோவர்ட்டுக்கு முடி நரைக்கவில்லை. ஆட்டம் நிஜம். கோல்கீப்பர் நிஜம். போன வாரம் நடந்தது என்பதுதான் இல்லை.

பார்த்த மைதானத்துக்கு ஹோவர்ட் மறுபடி வரமாட்டார். உயிரே போனாலும் வரமாட்டார். வந்திருக்கிறார் என்றால், ஏற்கெனவே வந்தது அவருக்குத் தெரியாது.

சிவந்த உதட்டுச் சாயத்தைப் பார்த்தாள். இவளாகவே இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் ஏங்கினாள். இவளோடு சண்டை போட்டிருக்கலாம். விட்பிக்குப் பஸ் ஏறியிருக்கலாம். இதை விட்டு எந்தப் பஸ்ஸில் ஏறுவது?

பாலெட்டுக்கும் புரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். "எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, கண்ணு" என்றாள் மெதுவாக.

"அப்ப நிஜ இன்ஸ்பெக்டர் இன்னும் வரவே இல்லையா?" என்றார் நோரிஸ், தாடிக்காரர் ஒருவரைக் கலவரத்தோடு பார்த்தபடி. பாலெட் ஒரு முறை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டார்.

* * *

எதிர் கோலுக்குப் பின்னால் கூட்டம் ஒரு பக்கம் நிற்க, ஹோவர்ட் தனியாக, விளம்பரப் பலகை ஓரத்தில் நின்றிருந்தார். லினெட்டைக் கண்டதும் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"கிளம்பிடலாம். இங்க ஏதோ சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"இவங்கல்லாம் சேர்ந்து என்னமோ பண்றாங்க." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆரஞ்சுக் கோட்டு, நான் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்றான். டீக்கடைக்காரிக்கு நான் என்ன சாப்பிடுவேன்னு தெரியுது. அங்க நிக்கிற ஒரு தாத்தா இப்ப என்கிட்ட 'முட்டி வலி எப்படியிருக்கு'ன்னு கேக்குறார். என் முட்டி வலி அவருக்கு எப்படித் தெரியும்? யாரோ இவங்ககிட்ட முன்கூட்டியே எல்லாத்தையும் சொல்லி வச்சிருக்காங்க."

அவர் கண்கள் அவள் முகத்தில் நிலைத்தன. இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை.

"நீதான் சொல்லி வச்சியா?"

"நானா?"

"என்னைக்கும் இல்லாம இன்னைக்குத்தானே கூட வரேன்னே? இவ்வளவு நேரம் அந்தப் பொம்பளைகூட என்ன பேச்சு? ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க. பாத்தேன்."

சந்தேகப்பட்டு வந்தவள் அவள். இப்போது கூண்டில் நின்றதும் அவளே.

வழி ஒன்று திறந்தே இருந்தது. 'ஆமாம், விளையாட்டுக்குத்தான் சொல்லி வைத்தேன், உன்னை அசத்த' என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாம் பொருந்திவிடும். அவர் சிரிப்பார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடி முதல் தடவையாக இங்கே வருவார். ஒரு நாள் மழையில் பூட்டின கதவு முன்னால் நிற்கும்போது நோரிஸ் வராமல் போவார்.

"நான் சொல்லல, ஹோவர்ட். நீதான் சொல்லியிருக்கே. உன் பேரு, முட்டி வலி, பட்டாணி எல்லாமே."

"எப்ப?"

"முன்னாடி வந்தப்பல்லாம்."

"பைத்தியமா உனக்கு? நான் எந்த மைதானத்துக்காவது ரெண்டாந்தடவை போயிருக்கேனா? சொல்லு, போயிருக்கேனா?"

"போகமாட்டே. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"பொய்!" கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. "எல்லாரும் கூட்டாப் பொய் சொல்றீங்க. என்னைக் கிறுக்கனாக்கப் பாக்குறீங்க!"

அந்த நேரம் பார்த்து மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஓங்கி உதைத்தான். பந்து கோலுக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே, சுவருக்கும் மேலே பறந்தது. பின்னால் ஓடையில் 'தொப்'பென்று சத்தம்.

"தண்ணியில போச்சு! வலை! வலையை எடுங்கப்பா, அடிச்சுக்கிட்டுப் போயிடப்போகுது!"

ஹோவர்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையை விளம்பரப் பலகைக்குப் பின்னால் விட்டு, நீளக் கழியில் கட்டிய மீன் வலை ஒன்றை உருவினார். சுவரில் புதருக்குள் மறைந்திருந்த சின்ன மரக்கதவின் கொக்கியை மேலே தூக்கி ஒரு பக்கமாக நெம்பினார். அப்படி நெம்பினால்தான் அது திறக்கும் போலும். இரண்டு எட்டில் ஓடைக்கரையில் நின்று, வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே பிடித்தார். பந்து தானாக வந்து விழுந்தது. உள்ளே வந்து எறிந்தார்.

"சபாஷ் ஹோவர்ட்!" என்று கைதட்டினார்கள். "உங்க அளவுக்கு யாராலயும் முடியாது!"

ஆட்டம் தொடர்ந்தது. ஹோவர்ட் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். கையில் இருந்த கழியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். புதரைப் பார்த்தார்.

வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது இங்க இருக்குன்னு எனக்கு யார் சொன்னா?" என்றார்.

லினெட் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ சொன்னியா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவர் உதடுகள் அசைந்தன. எதையோ கூட்டிப் பார்ப்பது போலிருந்தது. விடை வரவில்லை. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "நிறையத் தடவையா?" என்று கேட்டார்.

"நிறைய."

"இதே இடத்துக்கா?"

"ஆமா."

"உனக்கு எப்ப தெரியும்?"

"இடைவேளையிலதான். அதுவரைக்கும் உனக்கு வேறொருத்தி இருக்கான்னு நினைச்சிட்டிருந்தேன்."

ஹோவர்ட் அவளைப் பார்த்தார். "எனக்கா?" என்றார், உண்மையாகவே திகைத்து.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போவோம். நானும் கூட இருப்பேன். இப்ப வீட்டுக்குப் போலாமா? கொஞ்ச நேரம் முன்னாடி நீதானே கிளம்பலாம்னே."

அவர் தலையசைத்து மறுத்தார். "முடியறதுக்கு முன்னாடி கிளம்பினா மைதானம் கணக்குல சேராது."

"ஏற்கெனவே சேர்ந்தாச்சே."

"எனக்குச் சேரல" என்றார் ஹோவர்ட்.

லினெட் அவர் கையிலிருந்த வலையை வாங்கினாள். பலகைக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள். திரும்பி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

"நம்மாளுங்க மஞ்சளா?" என்று கேட்டார் அவர்.

"மஞ்சள்தான்" என்றாள்.